சப்டியூட் என்ற சொல்லோடு மல்லுக்கட்டும் நண்பர்களுக்கு



இரவுப் பணியில் ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கு, அதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட ஒருவன் எழுதும் மடல் இது. புத்தி சொல்ல எழுதவில்லை என்றால் நம்பமாட்டீர்கள். சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றி மட்டும்.

போன மாதம் ஒருநாள் காலை, காப்பி ஆறும்வரை ஒரே நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வணிகப் பக்கத்தில் 'மந்தமான தேவை'. விளையாட்டுப் பக்கத்தில் தோற்ற அணியின் தலைவர் 'மந்தமான குரலில்' பேசியிருந்தார். இணைப்பில் இந்த ஆண்டு 'மந்தமான நிறங்கள்' மோஸ்தராம். மூன்றுக்கும் பின்னால் ஒரே ஆங்கிலச் சொல் ஒளிந்திருப்பது, தொழில் தெரிந்தவனுக்குத் தெரியாமல் போகுமா? சப்டியூட். மூன்றில் முதலாவது சரி. இரண்டாவது அந்த மனிதரை மந்தபுத்திக்காரர் ஆக்கிவிட்டது. மூன்றாவதைப் படித்துவிட்டுத் துணி எடுக்கப் போகிறவர் யாரும் இல்லை.

உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு வந்ததே இதே சொல்லில் சறுக்கியதால்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வடமாநிலத்தில் எங்கோ பேருந்து விபத்து. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி நிருபர்களிடம் பேசியதை ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பியிருந்தது. அவள் குரலுக்கு அவர்கள் போட்டிருந்த அடைமொழி சப்டியூட். அகராதியைப் பார்த்தேன், அடங்கிய, அடக்கமான என்றெல்லாம் இருந்தது. "தாயார் அடக்கமான குரலில் கூறினார்" என்று எழுதினேன். அடுத்த வரியிலேயே மகனின் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. ஒரே பத்தியில் இரண்டு அடக்கம்.

தலைமை உதவி ஆசிரியர் நெல்லைக்காரர். எங்களுக்கெல்லாம் அண்ணாச்சி. சிவப்பு மையால் இரண்டையும் வட்டமிட்டுவிட்டுக் கூப்பிட்டார்.

"என்ன தம்பி, பெத்தவ பிள்ளையப் பறிகுடுத்துட்டு நிக்கா. அவளப் போயி பொண்ணு பாக்க வந்தவுக முன்னால காப்பித் தட்டோட நிக்க வச்சிருக்கியே?"

நான் விழித்தேன்.

"அவ எப்படிப் பேசியிருப்பா? பேசிக் காட்டு."

பேசிக் காட்டினேன். "இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?" என்றார். குரல் கம்மிப்போச்சு என்போம் என்றேன்.

"அது அழுதுக்கிட்டு இருக்கவ குரல். இவ அழுது முடிச்சவ."

பேனாவை எடுத்து 'தணிந்த குரலில்' என்று திருத்தினார். அவ்வளவுதான். எனக்கு அன்றைக்குத்தான் அந்த ஆங்கிலச் சொல்லே புரிந்தது.

அழுது முடித்தவள் என்று அண்ணாச்சி சொன்னதில்தான் எல்லாம் இருக்கிறது. சப்டியூட் என்ற சொல்லுக்குள் ஒரு 'முன்பு' ஒளிந்திருக்கிறது. முன்பு உரக்க இருந்தது, அல்லது வழக்கமாக உரக்க இருக்க வேண்டியது, இப்போது இறங்கியிருக்கிறது. இறங்காமல் எப்போதுமே தாழ்வாக இருப்பதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. இரவு விளக்கின் வெளிச்சம் வெறும் மங்கல். பெரிய விளக்குக்கு மேல் துணிக்கூண்டு கவிழ்த்தால் வருவது சப்டியூட் வெளிச்சம். இயல்பிலேயே வாய் திறக்காத மனிதரைப் பற்றி இந்தச் சொல்லை ஆங்கிலேயன் சொல்லமாட்டான். வாசலில் ஆள் நிழல் பட்டாலே குரைக்கிற நாய், ஒருநாள் தபால்காரர் வந்து போனது கூடத் தெரியாதது போலத் திண்ணைக்கடியில் சுருண்டு கிடந்தால், அந்த நாய்க்குச் சொல்லுவான்.

சொல்லின் பூர்வீகமும் இதைத்தான் காட்டுகிறது. வினைச்சொல்லுக்குப் பொருள் வென்று கீழ்ப்படுத்துவது. ஆதியாகமத்தில் பூமியைக் கீழ்ப்படுத்தச் சொல்லும் இடத்தில், 1611-இல் வந்த ஆங்கில விவிலியம் போட்டிருப்பது இந்த வினையைத்தான். வடிவம் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு மூலமான லத்தீன் வினைக்கு அடியிலிருந்து இழுத்துவிடுவது என்று பொருள். வெல்லுகிற பொருளோ, 'கீழே வை' என்னும் வேறொரு லத்தீன் வினையின் சாயலில் வந்து ஒட்டிக்கொண்டது. ஆக, உடம்பு ஒரு வீட்டிலிருந்தும் உயிர் இன்னொரு வீட்டிலிருந்தும் வந்த சொல். நாடுகளையும் படைகளையும் அடக்கிக்கொண்டிருந்த இந்தச் சொல் பின்னாளில் விளக்கு, வண்ணம், குரல், மனநிலை என்று சாதுவான விஷயங்களுக்கு அடைமொழியானது. ஆனாலும் உள்ளே பழைய போர்வீரன் இருக்கிறான். ஏதோ ஒன்று இன்னொன்றைக் கீழே இறக்கியிருக்கிறது.

எது இறக்கியது, யார் இறக்கியது என்று ஆங்கிலம் சொல்லாது. சொல்லாமல் தப்பிக்க வசதியாகத்தான் அது செயப்பாட்டுப் பெயரெச்சத்தை அடைமொழியாக்கி வைத்திருக்கிறது. தமிழில் அந்தச் சலுகை கிடையாது. நம்மிடம் வினைகள் ஜோடி ஜோடியாக நிற்கின்றன: அடங்கு–அடக்கு, ஒடுங்கு–ஒடுக்கு, அமுங்கு–அமுக்கு, இறங்கு–இறக்கு, மட்டுப்படு–மட்டுப்படுத்து. தானாக நடந்ததா, பிறர் செய்ததா என்று தமிழ் முதல் அடியிலேயே கேட்டுவிடும். 'அடங்கிய குரல்' என்றால் ஒன்று, 'அடக்கப்பட்ட குரல்' என்றால் ஜனநாயகத்துக்கே ஆபத்து. மக்களவையில் ஒரு அமைச்சர் தழைந்த குரலில் பதில் சொன்னார் என்பதை 'அடக்கப்பட்ட குரலில்' என்று ஒரு நண்பர் எழுதி, அதை அச்சுக்குப் போகும் முன் பிடித்திருக்கிறேன். பிடிக்காமல் விட்டிருந்தால் மறுநாள் எதிர்க்கட்சிக்கு வேலை மிச்சம்.

'அடக்கமான' என்ற சொல்லைத் தயவுசெய்து இந்த வேலைக்குக் கூப்பிடாதீர்கள். அது ஏற்கெனவே ஏகப்பட்ட பொறுப்புகளைச் சுமந்துகொண்டிருக்கிறது. வள்ளுவரின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் அது பெரிய குணம். வரன் பார்க்கும் விளம்பரத்தில் பெண்ணுக்கு மட்டும் போடுகிற சான்றிதழ். கடைக்காரரிடம் அடக்க விலை என்றால் அவர் கைமுதல். மயானத்தில் வேறு. இத்தனை பேருக்கு நடுவே ஐந்தாவதாக ஒருவரை உட்கார வைத்தால், வாசகர் யாரைப் பார்ப்பது?

வண்ணங்களுக்கு வருகிறேன். இதில் நான் பாடம் படித்தது அகராதியில் இல்லை, காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் மெத்தையில் உட்கார்ந்து. தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தப் புடவை. பெங்களூரில் வேலை பார்க்கிற பெண். எடுத்த எடுப்பிலேயே, "சப்டியூட் கலரா காமிங்க அண்ணா" என்றாள். கடைக்காரர் அசரவில்லை. "அடிக்காத கலரா வேணும்ங்கிறீங்க, இல்லம்மா?" என்று கேட்டுவிட்டு அலமாரியிலிருந்து உருவினார். வெங்காயத் தோல், சந்தனம், யானைக் கலர். எனக்கு எல்லாமே பொருத்தமாகத்தான் பட்டன. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"இதெல்லாம் லைட் கலர்ண்ணா. எனக்கு டார்க்காவே இருக்கணும், ஆனா அடிக்கக் கூடாது."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய் ஒரு புடவையோடு வந்தார். பார்த்தால் அரக்கு. ஆனால் வழக்கமாக மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்தே கண்ணைப் பறிக்குமே, அந்த அரக்கு இல்லை. மடிப்பை விரலால் தள்ளிக் காட்டினார். "பாவு சிவப்பும்மா. ஊடை பச்சை. பச்சை உள்ள போயிருக்கிறதால சிவப்பு அடங்கியிருக்கு." மடிப்பு அசைந்தபோது பச்சை ஒரு கணம் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அவள் அதையே எடுத்துக்கொண்டாள். விலையைப் பற்றி இங்கே வேண்டாம்.

ஓவியர்கள் செய்வதும் அந்த நெசவாளி செய்ததேதான். சிவப்பைத் தணிக்க வேண்டுமானால் அவர்கள் வெள்ளையைச் சேர்ப்பதில்லை, சேர்த்தால் இளஞ்சிவப்பாகிவிடும். எதிர் நிறமான பச்சையில் ஒரு துளி கலப்பார்கள். அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் நிறங்களை வகைப்படுத்தியபோது நிறத்தின் வெளுப்பு–கறுப்பை ஒரு அளவாகவும், அதன் செறிவை வேறொரு அளவாகவும் பிரித்து வைத்தார். ஆங்கிலத்தில் வண்ணத்துக்கு சப்டியூட் என்றால் இந்தச் செறிவு குறைந்தது என்று பொருள். வெளுத்தது என்று பொருளில்லை. ஆகவே 'வெளிர் நிறங்கள்' என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு முறையும் தங்கை மகளுக்கு வெங்காயத் தோலை எடுத்துப் போடுகிறீர்கள். 'அடிக்காத நிறம்' என்று எழுதலாமே. பேச்சுவழக்கு என்று யாராவது மூக்கைச் சுளித்தால் 'அடங்கிய நிறம்' என்று எழுதுங்கள். ஜவுளிக்கடைக்காரர் வாயிலிருந்து வந்த சொல் அது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

இடையில் ஒரு வேடிக்கை. நாம் ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய 'டல்' இருக்கிறதே, அது இந்தச் சொல்லின் வேலையைத் தமிழில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. "என்னடா, ஆளே டல்லா இருக்கே?" என்று நண்பனைக் கேட்கிறோம். ஆங்கிலத்தில் ஒருவரை டல் என்றால் அறுவை அல்லது மண்டை மந்தம் என்றாகிவிடும், அடிக்க வருவார். நாம் கேட்பது, வழக்கமான கலகலப்பு எங்கே போயிற்று என்று. அந்த முன்பு–இப்போது கணக்கு நம் டல்லுக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. தோற்ற அணியின் தலைவருக்கு 'வாடிய முகத்தோடு', 'சுரத்தில்லாமல்' என்று எழுதக் கை வராவிட்டால் மேற்கோளுக்குள் டல்லையே போட்டுவிடுங்கள். மந்தத்தை விட அது எவ்வளவோ தேவலை.

மியூட்டட் என்று ஒன்று வரும். ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் சந்தை, வரவேற்பு, வண்ணம் முதலியவற்றுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள், அங்கே நீங்களும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மனிதர் என்று வந்தால் மட்டும் சப்டியூட். ஒருவரை மியூட் செய்தார்கள் என்றால் காணொளிக் கூட்டத்தில் அவர் மைக்கை அணைத்தார்கள் என்று அர்த்தம்.

வணிகப் பக்கக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேவை சப்டியூட் என்றால் கெட்ட செய்தி, கடையில் ஈ ஓட்டுகிறார்கள். பணவீக்கம் சப்டியூட் என்றால் நல்ல செய்தி. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு முகத்தோடும் வரும். 'மந்தம்' அப்படி வராது, அது எப்போதும் இழவு வீட்டு முகத்தோடுதான் இருக்கும். பணவீக்கத்துக்குத் 'தணிந்த' போதும், 'கட்டுக்குள்' போதும். ஆனால் 'விலைவாசி குறைந்தது' என்று மட்டும் தலைப்புப் போடாதீர்கள். ரிசர்வ் வங்கிக்கு 2016 முதல் வைத்திருக்கும் இலக்கு 4 சதவீதம், கீழே 2 வரை, மேலே 6 வரை போகலாம். பணவீக்கம் 2 சதவீதம் என்றால், போன ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய மளிகை இந்த ஆண்டு 102 ரூபாய். ஏற்றத்தின் வேகம்தான் தணிந்தது, விலை இறங்கவில்லை. தலைப்பை நம்பிப் பையோடு சந்தைக்குப் போகிறவர் திட்டுவது அமைச்சரை இல்லை, நம்மை.

வானிலைச் செய்தியிலும் இதே இடறல்தான். பருவமழை 'பலவீனம்' என்று வானிலை ஆய்வு மையம் சொன்னால் அதற்குக் கணக்கு இருக்கிறது. பெய்தது வழக்கத்தில் பாதிக்கும் கீழே. சப்டியூட் என்று சொன்னால் அப்படி அளவுகோல் எதுவும் இல்லை, பொதுவாக மட்டுப்படும் என்கிறார்கள். அதை 'மழை ஓய்ந்தது' என்று எழுதினால் அன்று மாலையே நாலு தூறல் போட்டு வானம் நம்மைப் பொய்யராக்கும். 'மழை மட்டுப்படும்'. கிராமத்தில் சொல்கிற சொல்லே இதுதான்.

டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழா ஞாபகம் இருக்கிறதா? ஓராண்டு தள்ளிப்போய் 2021 ஜூலை 23 அன்று நடந்தது. ஏறத்தாழ 68,000 பேர் அமரக்கூடிய அரங்கில் பார்வையாளர் வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆங்கில ஏடுகளில் அந்த விழாவுக்கு இந்தச் சொல்தான் அடைமொழி. அதை 'எளிமையான விழா' என்று தமிழாக்கியதைப் பார்த்தேன். அரங்கத்துக்கு மேலே 1,824 ட்ரோன்கள் சேர்ந்து பூமி உருண்டையாக நின்ற விழாவைப் பார்த்து எளிமை என்றால் என்ன செய்வது? செலவுக்குக் குறைவில்லை, குறைந்தது கூட்டமும் கூச்சலும். 'ஆரவாரமின்றி' என்று ஒரு சொல் போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும். 'களைகட்டவில்லை' என்றும் சொல்லலாம்தான். ஆனால் அதில் விழா தோற்றுவிட்டது என்ற தீர்ப்பு இருக்கிறது. மூலத்தில் அந்தத் தீர்ப்பு இருந்தால் மட்டும்.

இந்தத் தீர்ப்பு விவகாரம் உச்சத்துக்குப் போவது கச்சேரி விமர்சனத்தில். நம்மிடம் 'அடக்கி வாசிப்பது' என்று ஒன்று இருக்கிறது. சப்டியூட்டுக்கு உலகத்தில் வேறெந்த மொழியிலாவது இவ்வளவு பொருத்தமான தொடர் இருக்குமா, சந்தேகம். பாடகர் விளம்ப காலத்தில் ஒரு கீர்த்தனையை இழைத்துக்கொண்டிருக்கும்போது மிருதங்கக்காரர் தொப்பியில் உள்ளங்கையை லேசாக ஒற்றி எடுப்பார். வலக்கை விரல்கள் மட்டும் பேசும். தனி ஆவர்த்தனத்தில் அதே கை என்ன செய்யும் என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் அந்த அடக்கத்துக்கு மரியாதை. பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். ஒலிபெருக்கி நடுவில் புகுந்தால் விரல் செய்கிற இந்த ஏற்ற இறக்கத்தை வேறொருவர் திருகாணியில் வைத்துக்கொள்வார் அல்லவா?

அரசியலில் போய் இந்தத் தொடருக்கு வேறு நிறம் வந்துவிட்டது. "கொஞ்சம் அடக்கி வாசி" என்பது இப்போது மிரட்டல். அமைச்சர் அடக்கி வாசிக்கிறார் என்றால் எங்கோ கோப்பு ஒன்று நகர்கிறது. அதையும் நீங்கள் பயன்படுத்தலாம், எந்த வாசனையோடு போகிறது என்று தெரிந்து.

ஒரு கலைஞரின் நிகழ்ச்சியை ஆங்கில விமர்சகர் சப்டியூட் என்று எழுதியிருந்தால் அதற்கு இரண்டு அர்த்தம் சாத்தியம். வலு இருந்தும் வெளிக்காட்டாமல் வைத்திருந்தார் என்பது ஒன்று. அன்றைக்கு வலுவே இல்லை என்பது மற்றது. முதலாவதற்கு 'அடக்கி வாசித்தார்', இரண்டாவதற்கு 'சோபிக்கவில்லை'. ஒற்றை வரியைப் பார்த்து இது தெரியாது. கட்டுரையை முழுக்கப் படிக்க வேண்டும். மணி பதினொன்றரை, பக்கம் போக இருபது நிமிடம், முழுக்க எங்கே படிப்பது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும். இருந்தாலும் கடைசிப் பத்தியையாவது பாருங்கள். விமர்சகர்கள் விஷத்தை அங்கேதான் வைப்பார்கள்.

போலீஸ் செய்தி சுலபம். கத்தியோடு திரிந்தவரை சப்டியூ செய்தார்கள் என்றால் அது வினை, 'மடக்கிப் பிடித்தனர்'. குழப்பம் வந்தால் சொல்லுக்கு முன்னால் 'மிகவும்' சேர்த்துப் பாருங்கள். ஒட்டினால் அடைமொழி, ஒட்டாவிட்டால் வினை.

கடைசியாக ஒரு உதவி கேட்கிறேன். மூன்று நாள் காய்ச்சல் விட்ட குழந்தை. உடம்பில் சூடு இல்லை, பால் குடிக்கிறது, ஆனால் கிலுகிலுப்பையை ஆட்டினால் பார்க்கிறதே தவிரக் கை நீட்டவில்லை. ஆங்கிலத் தாய் இதைச் சப்டியூட் என்பாள். எங்கள் வீட்டுப் பாட்டி 'பிள்ளை சொணங்கிக் கிடக்கு' என்பாள். சோர்வு, வாட்டம், களைப்பு எதுவும் அந்தச் 'சொணங்கி'க்குக் கிட்டே வராது. பத்திரிகையில் அதை எழுதினால் கொங்கு நாட்டில் புரியுமா, யாழ்ப்பாணத்தில் புரியுமா என்ற தயக்கத்திலேயே இத்தனை வருடமும் 'சோர்வாக' என்று எழுதி ஒப்பேற்றிவிட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் குழந்தையைப் பார்த்து என்ன சொல்வார்கள்? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டு, சொல்லையும் ஊர்ப்பெயரையும் எழுதி அனுப்புங்கள். ஒரு அஞ்சலட்டை போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற உதவி ஆசிரியர் ஒருவர்